வாழைக்குலையாரின் செல்லாக்காசு

கண்டியில் செல்லும் காசைக் கால்தூசாக நினைத்து, செல்லாத காசைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரே மனிதர் எங்கள் தெரு வாழைக்குலையார்தான். சத்தியமாக இன்னொருவர் இல்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனையில் ஆய்வுகூட உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டாம் உலக யுத்தத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பான் இராணுவம் அவசர அவசரமாக நோட்டு அடித்தது. பத்து டொலர் நோட்டில் வாழைமரமும் குலையும் இருக்கும். ஜப்பான் தோற்றதும் அது வெறும் கடதாசி. அங்கே வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் சிலர் அதையும் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்தப் பெட்டிகளைத் தேடி அலைவதுதான் வாழைக்குலை ஐயாவுக்கு முழுநேர வேலை. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை அவரோடு கெலிஓயாவுக்குப் போனேன். பழைய சாமான் கடையில் இரண்டு நோட்டு அகப்பட்டது. கடைக்கார முஸ்லிம் நாநா தங்கமான மனுசன். "இது செல்லாத காசு சேர், சும்மா கொண்டு போங்க" என்றார்.

ஐயாவுக்கு வந்ததே கோபம்! "என்ன கதை கதைக்கிறீர்? இதுக்கொரு மரியாதை இருக்கு!" என்று கச்சான் கடலை சுற்றிய கடதாசி மாதிரி ஓர் ஆயிரம் ரூபாயைக் கசக்கி மேசையில் போட்டார். நாநா என் காதருகே குனிந்து, "சேருக்கு ஏதும் சொகமில்லியா?" என்று கேட்டார்.

வீட்டில் நோட்டைப் பார்ப்பதென்றால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். மின்விசிறி நிற்க வேண்டும். அவர் சாவணத்தால் இடுக்கித் தூக்கிக் காட்டுவார். நாம் மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டும். ஒருநாள் நான் தும்மித் தொலைத்தேன். தீபாவளி வரைக்கும் மனிதர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தெரு சிரித்தது. "ஏறுங்க ஐயா, வாழைக்குலை நோட்டுக்கே ஓடுறேன்" என்பான் ஓட்டோக்காரன். அவர் மனைவியும் விடுவதில்லை. "தம்பி, வீடு நிறைய வாழைக்குலை. தின்ன ஒரு பழமில்லை." ஐயாவுக்கு இருந்ததோ ஒரே ஆசை. விஷயம் தெரிந்த ஒருவர் வந்து, இதெல்லாம் பெறுமதியான பொருள் என்று நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும்.

ஆள் வந்தார். பல்லேகலயில் கிரிக்கெட் பார்க்க வந்த மலேசியத் தமிழர், பெரிய நோட்டு சேகரிப்பாளர். நவராத்திரி நேரம். சாட்சிக்கு ஐயா என்னையும் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அம்மா, குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

ஐயா அல்பத்தைத் திறந்தார். ஐயோ! ஒவ்வொரு நோட்டின் நடுவிலும் வட்டமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். காலையில் அம்மா லட்சுமி பூசையில் வைத்து எடுத்திருக்கிறார்.

மலேசியக்காரர் தாழ்ந்த குரலில், "கறை பட்டிருச்சே ஐயா. இனி யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார். ஐயா சாவணத்தைக் கீழே வைத்தார். தும்மலுக்கே அந்தப் பாடு படுத்தியவர்! இன்றைக்கு வீடு இரண்டுபடும் என்று நான் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அம்மா வடையோடு வந்தார். "இவ்வளவு காலமும் இவற்ற நோட்டைக் குப்பையெண்டு ஏசினனான் தம்பி. இண்டைக்காவது நல்லது நடக்கட்டுமெண்டு, உறையாலை எடுத்து ஒவ்வொண்டுக்கும் பொட்டு வைச்சனான். பிளாஸ்ரிக்குக்கு மேல வைச்சா லட்சுமிக்குப் போய்ச் சேருமோ? வந்தவர் என்ன சொல்லுறார்?"

ஐயா குங்குமத்தைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"லட்சக்கணக்கில கேக்கிறாரப்பா. நான் குடுக்கமாட்டனெண்டுட்டன்."

மலேசியக்காரர் கெட்டிக்காரர். "ஆமாம்மா, எவ்வளவோ கேட்டுப் பார்த்துட்டேன், மசிய மாட்டேங்கிறாரு" என்று வடையை எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களே, குங்குமம் வைச்ச ராசி!"

"ஓமப்பா," என்றார் வாழைக்குலையார். "உம்மட கைராசிதான்."

இப்போது தெருவில் யாராவது அவரைக் கிண்டல் செய்தால் நான் சும்மா விடுவதில்லை. மலேசியக்காரர் பத்து லட்சம் கேட்டார் என்கிறேன். நம்பாவிட்டால் இருபது என்கிறேன். அந்த மனுசனுக்காக இன்னும் எத்தனை லட்சத்துக்கு வேண்டுமானாலும் பொய் சொல்வேன்.