ரீச்சரின் குடு

உலகத்தில் இரண்டு விஷயங்களை அரைகுறையாகக் கற்கக் கூடாது: வைத்தியமும் சிங்களமும். நான் இரண்டையும் அரைகுறையாகக் கற்று, ஒரே நாளில் மாட்டிக்கொண்டவள்.

சுனாமிக்கு அடுத்த வருடம் எனக்குக் கொலஸ்ட்ரோல் என்று கண்டுபிடித்தார்கள். டொக்டர் இரவில் ஒரு குளிசை போடச் சொன்னார். ஒன்று எப்படிக் காணும்? (நான் கணித ஆசிரியை, கூட்டாமல் இருக்க முடியாது.) காலையில் வெந்தயத்தூள், மத்தியானம் மருதம்பட்டைத் தூள், பின்னேரம் உள்ளித்தூள் என்று நானே சேர்த்துக்கொண்டேன். போதாக்குறைக்கு, எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த சுனாமி முகாமுக்கு வந்த நிவாரணப் பெட்டியில் ஒரு கப்சூல் போத்தல். மண்டூர் வெயிலுக்குக் கம்பளிக் கையுறை அனுப்பிய அதே புண்ணியவான் அதையும் அனுப்பியிருந்தார். ஒருவரும் தொடவில்லை. போத்தலில் சிவப்பரிசிப் படம். கொலஸ்ட்ரோலுக்கு என்று இங்கிலிசில் போட்டிருந்தது. பெயரின் நடுவில் ஒரு சொல் விளங்கவில்லை, விட்டுவிட்டேன். பல் முளைத்ததிலிருந்து தின்கிற அரிசி என்னை என்ன செய்துவிடப் போகிறது?

கொஞ்ச நாளில் உடம்பெல்லாம் உளைவு. குந்தினால் எழுப்பிவிட ஆள் வேண்டும். கை உயராததால் கரும்பலகையில் நான் எழுதும் வரி நாளுக்கு நாள் கீழே இறங்கி, முன்வாங்குப் பிள்ளைகளே எட்டிப் பார்த்துத்தான் கணக்கை எழுதினார்கள். “கொழுப்புக் கரைஞ்சு வெளிய வருது, அதான் நோகுது,” என்று கணவருக்கு விளக்கிவிட்டு, நாளுக்கு ஒரு கப்சூல் என்றிருந்ததை இரண்டாக்கினேன்.

கிளினிக்கில் நான் நடந்து வந்த விதத்தைப் பார்த்ததுமே டொக்டரின் முகம் மாறியது. “வீட்டில என்னென்ன எடுக்கிறீங்களோ, எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு நாளைக்கே வாங்க ரீச்சர்,” என்றார்.

மறுநாள் கணவர் பையைத் தூக்க, பாதையில் ஏறினோம். (வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்போம்.) அக்கரையில் ஆமியின் சோதனைச் சாவடி.

“நீங்க வாயத் திறக்க வேணாம். நான் கதைக்கிறன்,” என்றேன். அரச ஊழியருக்கான சிங்கள வகுப்பில், மிளகாய்த்தூளுக்கு ‘மிரிஸ் குடு’ என்று எழுதிப் பரீட்சையில் சித்தியடைந்தவள் அல்லவா.

பையைக் கிளறிய பெண் சிப்பாய், மண்ணிறப் பொட்டலம் ஒன்றை விரித்து, “மொகக்த மே?” என்றாள். இது என்ன என்று கேட்கிறாள்.

“மகே குடு,” என்றேன். என்னுடைய தூள்.

அவள் கண் விரிந்தது. உச்சரிப்புப் பிழையாக்கும் என்று நினைத்து, பாடம் எடுக்கிற குரலில் விளக்கினேன்: “ஹெமதாம பொனவா. நெதுவ பே.” தினமும் குடிக்கிறேன், இது இல்லாமல் முடியாது.

வெறுமனே குடு என்றால் ஹெரோயின் என்பதை வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

துவக்கு நிமிர்ந்தது. கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன், தோளோடு நின்றுவிட்டது. இன்னும் தூக்கு என்று கத்தினாள். “ஏலாது பிள்ள, கை ஏறுதில்ல,” என்று தமிழில் கெஞ்சிக்கொண்டே கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பையைப் பிடித்தபடியே இரண்டடி தள்ளி நின்று, “இவவ எனக்குத் தெரியாது,” என்றார்.

சத்தம் கேட்டு அதிகாரி ஒருவர் வந்தார். பொட்டலத்தைக் காட்டி, தின்று காட்டச் சொன்னார். மருதம்பட்டைத் தூளைத் தண்ணீரில்லாமல் அப்படியே வாயில் போட்டேன். வந்த இருமலில் அவருடைய சட்டை முழுக்க மண்ணிறம். மூச்சுத் திரும்பியதும் எனக்கு வாயில் வந்தது ஒரே சொல்தான்: “கொலஸ்ட்ரோல்.” நல்லவேளை, மூன்று மொழிக்கும் அது ஒரே சொல். அவர் விழுந்து விழுந்து சிரித்து, தனக்கும் இருக்கிறதென்று நெஞ்சைத் தட்டிக் காட்டி எங்களை விட்டுவிட்டார்.

டொக்டர் சிரிக்கவில்லை. தூள்களை ஒதுக்கிவிட்டு, போத்தலை எடுத்து வாசித்தார்.

“சலம் தேத்தண்ணிக் கலரில போகுதா ரீச்சர்?”

“ஓம் டொக்டர், ரெண்டு நாளா.”

“இது சோத்தரிசி இல்ல. நொதிக்க வச்ச அரிசி. நான் தந்த குளிசை செய்யிற வேலையத்தான் இதுவும் செய்யும். நீங்க மருந்துக்கு மேல மருந்து போட்டிருக்கிறீங்க. இப்ப தசை கரையுது. இப்பிடியே விட்டா மறுகா கிட்னிதான்.”

இத்தனை நாளும் கரைந்துகொண்டிருந்தவள் நான்தான். குளிசையையும் கப்சூலையும் நிறுத்தி, வார்ட்டில் படுக்க வைத்து, போத்தல் போத்தலாகச் சேலைன் ஏற்றினார்கள். கிட்னி தப்பியது. “வெந்தயத்தக் கறியில போடுங்க. மற்றது எதுவெண்டாலும் என்னட்டக் கேட்டிட்டு எடுங்க,” என்று சொல்லித்தான் டொக்டர் வீட்டுக்கு அனுப்பினார். இன்றுவரை கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன்.

யுத்தம் முடிந்தது, சாவடியும் போய்விட்டது. எங்கள் வீட்டில் மட்டும் யாராவது ‘குடு’ என்றால் இன்னும் எல்லோரும் கையைத் தூக்குவார்கள், தோள்வரைக்கும் மட்டும். மகளுக்குக் கலியாணமான மறுநாள், சாப்பாட்டு மேசையில் புது மருமகன் மரியாதையாகக் கேட்டார்:

“மாமி, அந்த உப்பக் கொஞ்சம் குடுங்க.”

மேசையைச் சுற்றி எல்லாக் கைகளும் பாதி உயர்ந்தன. மருமகன் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, இது இந்த வீட்டு வழக்கமாக்கும் என்று நினைத்து, தன் சோற்றுக் கையையும் மெதுவாகத் தோள்வரை தூக்கினார்.

“பயப்படாதீங்க மருமகன்,” என்றார் என் கணவர், கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு. “இவவ எனக்குத் தெரியாது.”