கழுதையாரை உடனே நிறுத்தக் கோரி அண்ணன் எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான்தான். நீ நலம் என்பதை, சிறுவர் வார இதழில் நீ வரையும் 'உளவாளி கழுதையார்' படக்கதை மூலம் வாராவாரம் அறிந்து கொதிக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் வாங்கித் தந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் படம் போடப் போகிறேன் என்று நீ நின்றபோது, "போய்க் கழுதை மேய்டா" என்று நான் சொன்னது வாஸ்தவம். அதற்காக ஒருவன் நிஜமாகவே கழுதையை வைத்துப் பிழைப்பானா? சரி, பிழைத்துக்கொள். அந்தக் கழுதைக்கு என் மூக்குக்கண்ணாடி எதற்கு? என் மப்ளர் எதற்கு? எட்டிப் பார்ப்பதற்கு முன் மூன்று தடவை இருமி, ஒளிந்திருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறதே, அது யாருடைய இருமல்? கதவைச் சாத்தி ஏழு தடவை இழுத்துப் பார்த்து, பாதிப் படியில் சந்தேகம் வந்து, திரும்ப ஏறி இழுத்துப் பார்க்கிறது. அதற்குள் நரி பால்கனி வழியாக ரகசியக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. முப்பத்தோரு வருஷம் கிடங்குப் பொறுப்பாளனாக இருந்தவன் நான். ஒரு ஆணி காணாமல் போனதில்லை.

மருந்துக்கடைக்காரர் மாத்திரையோடு இதழையும் நீட்டி, "சார், இது நீங்கதானே?" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், இருமல் வந்துவிட்டது. அதோடு முடிந்ததா? கீழ்வீட்டுப் பெண், எட்டு வயசு, நான் கதவை இழுக்கும்போதெல்லாம் படியில் நின்று "மூணு... நாலு..." என்று சத்தமாக எண்ணுகிறாள், கூட ஒரு பட்டாளம். மானம் போகிறதே என்று போன செவ்வாய்க்கிழமை ஒரே இழுப்போடு விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். தெருமுனை போவதற்குள் சந்தேகம் வந்து, ஓடிவந்து பார்த்தால் கதவு தானே ஜம்மென்று பூட்டிக்கொண்டிருக்கிறது, சாவிதான் உள்ளே. எலக்ட்ரீசியன் ஏணி போட்டு, அந்த நரி மாதிரியே பால்கனி வழியாக ஏறிக் கதவைத் திறந்துவிட்டார். பட்டாளம் முழுக்க உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. "ஒரே ஒரு தடவை கழுதையார் மாதிரி கத்திக் காட்டுங்க தாத்தா" என்றாள் அந்தப் பெண். கத்தினேன். வேற என்னத்தைச் செய்யச் சொல்றே? உன் அண்ணி போய்ச் சேர்ந்த இந்த ஒன்றரை வருஷத்துல, இந்த வீட்டுக்குள்ள நாலு பேர் சேர்ந்து சிரிச்சது அன்னிக்குத்தான். அவங்க எழுந்து போனதும் வீடு ரொம்பப் பெரிசா இருந்தது.

இன்னொன்று கேட்கிறேன். போன இதழில் கழுதையாரின் பால்கனியில் ஒரே ஒரு நாற்காலி, உடைந்த காலைக் கம்பியால் கட்டியது. அந்தக் கால் போன மாதம்தான் உடைந்தது, நானேதான் கட்டினேன். எதிர் நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அது தெரியும். அப்படியானால் நீ வந்திருக்கிறாய். வந்தவன் மேலே ஏறி வரக்கூடாதா? அண்ணி போனதை வீம்புக்கு உனக்குச் சொல்லி அனுப்பாம இருந்துட்டேன். தப்பு என்னுதுதான்டா. அதுக்கு நேரா வந்து நாலு திட்டு திட்டியிருக்கலாமே, கழுதையா வரைஞ்சு ஊரெல்லாம் விக்கணுமா?

ஆகவே அடுத்த இதழோடு கழுதையார் உளவு வேலையிலிருந்து விலக வேண்டும். காண்டாமிருகமோ கரடியோ, உனக்குப் பிடித்த எதையாவது வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. ராப்பகலாக வரைந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(இரண்டு கால், வால் கிடையாது)

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் இந்த வார இதழ் வந்தது. அடப்பாவி, நரி கழுதையாரைச் சாக்கில் கட்டிப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டதே! மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. கண்ணாடி, மப்ளர், என்ன வேண்டுமோ எடுத்துக்கொள், அவரைக் கரையேற்று. கீழ்வீட்டுப் பெண் இதழும் கையுமாக அழுதுகொண்டு வந்து, "தாத்தா, அவர் செத்துப்போயிட்டாரா?" என்று கேட்டாள். "என் தம்பி அப்படியெல்லாம் விட்டுட மாட்டான்" என்றேன். "உங்களுக்குத் தம்பி இருக்காரா? இங்க வந்ததே இல்லையே?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருவான் என்று சொல்லிவிட்டேன். வந்துடுடா.