மருமகன் உணவகத்தில் நான் சாப்பிடாத வாத்துக் கறி

ஃபிஜித் தீவின் லம்பாசாவில் உட்கார்ந்துகொண்டே சிட்னிவரைக்கும் ஒரு கண் வைத்திருக்கும் மூத்த சகோதரி சுக்ராஜி அக்காவின் பாதங்களுக்கு, தம்பி ஷியூ சரண் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு நீயும் அத்தானும் ஆடுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போனை எடுக்காமல் இருப்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். இதையாவது நடுவில் துண்டிக்க முடியாது.

முகநூலில் வந்த அந்தப் படத்தை நீ பார்த்துவிட்டாய் என்று தெரிகிறது. அதில் வாய் நிறைய வாத்துக் கறியோடு இருப்பது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் தகப்பன் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடக் கூடாது என்று கிளம்பும்போது உனக்குச் செய்துகொடுத்த சத்தியம் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் விழவில்லை. எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ கட்டிக்கொடுத்த மாங்காய் ஊறுகாயை விமான நிலையத்திலேயே ஒரு அதிகாரி அம்மாள் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். மிஞ்சியது பிஸ்கட்டும் மீன் டின்னும். அதை வைத்தே நம் பெண் பிரனீதா வீட்டில் காலத்தை ஓட்டினேன். தண்ணீரைக் குழாயில் குடித்தேன். குழாய் நகராட்சியுடையது, மருமகனுடையது அல்ல. பிரனீதாவோ தினமும் சமைத்து எனக்கும் ஒரு தட்டு வைப்பாள். நான் அதற்கு எதிரே உட்கார்ந்து பிஸ்கட் கடிப்பேன். அவள் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போவாள். எனக்கு அது பொறுக்கவில்லை அக்கா. உனக்குப் பயந்து பொறுத்துக்கொண்டேன்.

கடைசியில் மருமகன் அவ்னில் சமைக்கும் உணவகத்துக்கு என்னைப் பிரனீதா அழைத்துப்போனாள். கோட்டு போட்டவர்கள் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து வருகிற இந்திய உணவகம். உள்ளே ஒரே இருட்டு. மின்சாரம் போய்விட்டதோ என்று கேட்டேன். அந்த இருட்டுக்குத்தான் மவுசாம். லாரிச் சக்கரம் அளவுக்கு ஒரு தட்டு வந்தது, நடுவில் பருப்பு ஒரே ஒரு பொட்டு. ‘கரும்பு வெட்டுகிறவரின் மதிய உணவு’ என்று பரிமாறுகிற பெண் விளக்கம் சொன்னாள். கரும்பு வெட்டிய நம் அப்பா இருந்திருந்தால், விளக்கம் வயிறு நிறைய இருக்கிறது, சாப்பாடு எங்கே என்று கேட்டிருப்பார். நான் வயிறு சரியில்லை என்று சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்பினேன். தட்டு தொடாமல் திரும்பியதைப் பார்த்து, உப்பு சரியில்லை போலிருக்கிறது என்று அவ்னில் வாத்துக் கறி அனுப்பினான். அதையும் திருப்பி அனுப்பினேன். அடுத்த மேஜையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி என்னையே பார்த்தார்கள். ஒவ்வொரு தட்டையும் முகர்ந்துவிட்டுத் திருப்பி அனுப்புகிற ஆள் பத்திரிகையில் உணவகங்களுக்கு மதிப்பெண் போடுகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அவர்களும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து அதற்கடுத்த மேஜையும். ஊரே விரதம் இருக்கத் தொடங்கியது. அவ்னில் வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தான்.

“மாமா, காரம் கம்மியா?”

“அதெல்லாம் இல்லப்பா. பார்த்ததுலயே வயிறு நெறஞ்சுபோச்சு.”

“பார்க்கிறதுக்கா மாமா நேத்துலேர்ந்து வாத்தை ஊறவெச்சேன்?”

அவன் முகம் தொங்கிப்போய் உள்ளே போனான். பிரனீதா மெதுவாகக் கேட்டாள்: “அம்மா செத்தப்போ உங்களுக்கு நான்தானே சமைச்சுப் போட்டேன். அதைச் சாப்பிட்டீங்களே?”

“அப்ப நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா.”

“இப்ப யாரு வீட்டுப் பொண்ணு?”

அக்கா, சத்தியம் வாங்கினபோதே இதற்கு ஒரு பதிலும் சொல்லிக்கொடுத்திருக்கலாம் நீ. அந்த நேரம் பார்த்துப் பெரிய மீசையோடு ஒரு கிரேக்கர் கத்தரிக்காய்ப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு சமையலறைக்குள் போனார். பிரனீதா சட்டென்று அவரைக் காட்டினாள்.

“அதோ போறாரே ஸ்பைரோஸ், அவரோட கடைதான்பா இது. அவ்னில் இங்க சம்பளத்துக்குத்தான் சமைக்கிறாரு. நாம என்ன ஸ்பைரோஸுக்கா பொண்ணு குடுத்திருக்கோம்?”

யோசித்துப் பார்த்தேன். சாஸ்திரத்துக்கு எங்கேயும் இடிக்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் கிரேக்கர் கடையில் சாப்பிடக் கூடாது என்று நம் பெரியவர்கள் யாரும் சொன்னதில்லை. இவ்வளவு பெரிய முதலாளி தானே பெட்டி சுமக்கிறாரே, என்ன அடக்கம் என்று வியந்தபடி, வாத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஒரு காலைக் கையால் எடுத்துக் கடித்தேன். உடனே பக்கத்து மேஜைக்காரரும் முள்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் எடுத்தார். நீ பார்த்த படம் அப்போது பிரனீதா எடுத்தது. உன் வாத்துக் கறியைவிட நன்றாகவே இருந்தது. கோபப்படாதே, உண்மையைத்தானே எழுத வேண்டும்.

ஆகவே நான் தின்றது ஸ்பைரோஸின் உப்பு. சத்தியம் பத்திரமாக இருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உன் கோபம் ஆறி, போனை எடுக்கும் நல்ல நாளை எதிர்பார்த்திருக்கும்

உன் தம்பி,
ஷியூ சரண்

பி.கு.: ஸ்பைரோஸ் அங்கே காய்கறி கொண்டுவந்து போடுகிறவர். கடை அவ்னிலுடையதுதான், வாசல் பலகையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பிரனீதாவின் பெயரும் இருப்பதை உள்ளே போகும்போதே படித்துவிட்டேன். அப்பனுக்கு ஒரு வாய்ச் சோறு போட என் பெண் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால் நம்பினேன். இரண்டாவது வாத்துக் காலை நானே கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டேன். டிசம்பரில் நீ வரும்போது ஊறுகாய், பிஸ்கட் ஒன்றும் கட்டிக்கொண்டு வராதே. அவர்கள் வீட்டுச் சமையலறையும் ஸ்பைரோஸுடையதுதானாம். அதை அத்தையிடம் சொல்லச் சொன்னாள் பிரனீதா.