பெரிய சர்வீஸுக்கு நாள் குறித்தது

டிசம்பர் முதல் ஞாயிறன்று எங்கள் வால்யேவோ வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் நால்வர்: ஸ்தானா ஆகிய நான், என் கணவர் திஹோமிர், எங்கள் திருமணத்தில் தோழனாக நின்று, அன்றுமுதல் உடன்பிறப்பினும் மேலான உறவாகிவிட்ட மெக்கானிக் ல்யுபிஷா, காப்பி குடிக்க வந்தால் விவரம் முழுதும் தெரியாமல் எழுந்து போகாத பக்கத்து வீட்டு தெசாங்கா.

வாசலில் நின்றது, ஜெர்மனியிலிருந்து வந்த பதினொரு வயதுக் கார். வாங்கிப் பத்து நாள். பழைய கார் வாங்கும் எவரும் எங்கள் நாட்டில் முதலில் செய்வது பெரிய சர்வீஸ்: இன்ஜினைப் பிரித்து பெல்ட், பம்ப் எல்லாம் மாற்றுவது. பெல்ட் புதியது என்று விற்றவன் தாயின் மேல் சத்தியம் செய்வான். வாங்கியவன் மறுவாரமே அதைக் கழற்றி எறிவான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, என் கணவர் குறித்த தேதியில் இருந்தது.

அவர் மேசைமேல் ஒரு காகிதத்தை விரித்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தார். இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அந்த மனிதர் கையில் அளவுகோலை நான் கண்டதில்லை.

"பதினெட்டாம் தேதி பிரிக்கிறோம். பத்தொன்பது, டைமிங் பெல்ட், தண்ணி பம்ப். இருபது, மூடறோம்."

பத்தொன்பது, புனித நிக்கோலா நாள். அன்று உழித்சே ஊரில் என் அண்ணன் மிலோரத் வீட்டில் ஸ்லாவா. குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கான விருந்து. அதற்கு எவரையும் அழைப்பதில்லை, போகாதிருப்பதுதான் குற்றம். ஆண்டில் ஒரே ஒரு முறை, பிறந்த வீட்டு மேசையில் நான் உட்காரும் நாள் அது. ஆனால் அந்தக் காரை வாங்க வேண்டாம் என்று அண்ணன் நான்கு முறை சொல்லியிருந்தார். அவர் கண்ணெதிரில் அதிலிருந்து இறங்குவதைவிட, அதன் அடியில் மூன்று நாள் படுத்துக் கிடக்க என் கணவர் ஆயத்தமாயிருந்தார்.

"அப்ப என் அண்ணன் வீட்டுக்கு?"

"நான் என்ன பண்ணுவேன் ஸ்தானா? பெல்ட் அறுந்தா இன்ஜினே காலி. உன் உயிர் எனக்கு முக்கியமில்லையா?"

"பத்து நாளா இந்த உயிரை அதே கார்லதானே சந்தைக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"சந்தை இறக்கம். உழித்சே ஏத்தம்."

"திரும்பி வரும்போது சந்தையும் ஏத்தந்தானே அண்ணே?" என்றாள் தெசாங்கா.

"நீ காப்பியைக் குடி!"

"பஸ்ல போகலாமே," என்றேன்.

"கார் வாங்கினவன் பஸ்ல போய் இறங்கினா ஊரே சிரிக்கும்!"

நான் வாதாடவில்லை. "சரி. தேதியை நீங்களே ல்யுபிஷாகிட்ட சொல்லுங்க."

பீன்ஸ் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்த ல்யுபிஷாவிடம் என் கணவர் திரும்பினார். "என்னடா, பத்தொன்பது உனக்குத் தோதுப்படுமா?"

ல்யுபிஷா கரண்டியைக் கீழே வைத்தார். "பத்தொன்பதா? அன்னிக்கு என் வீட்டுலயும் ஸ்லாவாடா!"

எங்கள் பக்கத்தில் ஒருவன் தன் பிறந்தநாளை மறக்கலாம். திருமணத் தோழன் வீட்டு ஸ்லாவாவை மறந்தவன் வெளியே தலைகாட்ட முடியாது. ஆண்டுதோறும் அன்று நாங்கள் உழித்சேயில் இருந்ததால், ல்யுபிஷா வீட்டுக்கு மறுநாள்தான் போவோம். இருபத்தோரு முறை அங்கே விருந்தின் மிச்ச மீனைத் தின்ற என் கணவர், அது என்றைக்குப் பொரித்த மீன் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை.

"புனிதர் நாள்ல கையில ஸ்பேனரா? எங்கம்மா ஸ்லாவா மெழுகுவத்தியாலயே அடிப்பா. நிஜமாவே மறந்துட்டியா?"

"மறக்கலடா! சும்மா... சோதிச்சுப் பார்த்தேன்."

"எதை?"

என் கணவரின் காதுகள் சிவந்தன. தெசாங்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி விடு, நாளைக்கே பிரிச்சிடுவோம்," என்றார் ல்யுபிஷா. "புதன்கிழமை முடிஞ்சிடும். அப்புறம் உழித்சே என்ன, ஏதென்ஸுக்கே போகலாம்."

"நாளைக்கா? சாமான் வர ரெண்டு வாரம் ஆகும்னு கடைக்காரன் சொன்னானே!" அது என் கணவரின் கடைசி அரண்.

"அதெல்லாம் போன வாரமே பட்டறைக்கு வந்தாச்சு. பெல்ட், பம்ப், அத்தனையும் அசல்."

"யார் வாங்கினது?"

ல்யுபிஷா என்னைப் பார்த்தார். நான் கோடு போட்ட காகிதத்தை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் அடியில் வைத்தேன்.

"என் அண்ணன்தான். காருக்குப் பரிசாம். பத்தொன்பதாம் தேதி நீங்க நேர்ல வந்து, எல்லார் முன்னாலயும் ஒரு நன்றி சொன்னா போதும்னார்."

திஹோமிர் எழுந்தார். தொப்பியை எடுத்தார். வெளியே போய், காரைப் பட்டறைப் பக்கம் திருப்பினார்.