சின்ன லிங்க் சார்

ஓர் இணைய முகவரியைச் சுருக்கித் தரச் சொல்லி இரண்டு வருடம் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். ஆள் ஆறடிக்கு மேல் உயரம். ஆபீஸில் நாங்கள் வைத்த பெயர், சின்ன லிங்க் சார்.

திருப்பூரில் பனியன் தொழிலாளர்களுக்கான அரசு அலுவலகம் ஒன்றில் அவர் உதவியாளர். நான் தற்காலிக கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பு உதவிக்கு இனி ஆன்லைனில்தான் விண்ணப்பம் என்று உத்தரவு வந்தது. அதற்கான முகவரி நோட்டீஸில் மூன்று வரி ஓடியது. நடுவில் பூஜ்ஜியமா, ஓவா என்று தெரியாத ஓர் உருண்டை வேறு.

"இத யாரு கண்ணு போன்ல அடிக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே தலைமையகத்துக்கு எழுதினார். 'எவ்வளவு சிறியதாக வேண்டும்?' என்று பதில் வந்தது. "கையகலத்துக்கு" என்று எழுதப்போனவரை நான்தான் தடுத்தேன். அப்புறம் சுருக்கப் பெயருக்கு மூன்று நகல்களில் விளக்கம் கேட்டார்கள். கடைசியில், 'இக்கோரிக்கையை ஆன்லைனில் மட்டுமே அனுப்பவும்' என்று ஒரு முகவரி தபாலில் வந்தது. அது நான்கு வரி.

"வெளிய ஓசியில சுருக்கித் தர்ற சைட் இருக்குதுங்க சார். பண்ணட்டுங்களா?"

"ரூல்ஸ் இல்ல கண்ணு. நாளைக்கு அது வேற எங்கியாச்சும் கொண்டுபோய் உட்டுட்டா, சனம் யார நம்பும்?"

அந்த நீள முகவரியையே வாட்ஸப்பில் அனுப்பினாலும் ஏமாற்று லிங்க் என்று பயந்து யாரும் தொடவில்லை.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்க்கும் சரசக்கா ஒருநாள் லீவு போட்டு வந்தார். முகவரியை நோட்டில் எழுதிக்கொண்டு போய்ப் பத்து நாள் அடித்துப் பார்த்திருக்கிறார், திறக்கவேயில்லை. கடைசித் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்திருந்தது.

சார் நோட்டை வாங்கி, விரல் வைத்துப் படித்தார். "பூஜ்ஜியம் வர்ற எடத்துல ஓ போட்டிருக்கீங்க."

"ஒரே ஒரு எழுத்துங்களா சார்?"

சரசக்கா அழவில்லை. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வருடம் மகளும் அவரோடு கம்பெனிக்குப் போனாள்.

அதன்பிறகு சார் மதியம் ஆபீஸில் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசல்களில் நின்று, வெளியே வருகிறவர்களின் போனை வாங்கித் தானே முகவரியை அடித்துக் கொடுத்தார். தலைமையகத்துக்குக் கடிதம் போடுவதையும் நிறுத்தவில்லை.

பங்குனி வெயிலில், மண்ணரைப் பக்கம் அப்படி ஒரு கம்பெனி வாசலிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உடம்பெல்லாம் பஞ்சுத் தூசி. "இவங்கெல்லாம் யாரு கண்ணு?" என்று சாரின் மனைவி என்னைக் கேட்டார்.

சரசக்காதான் பதில் சொன்னார். "எங்க போனுக்கெல்லாம் அட்ரஸ் அடிச்சுக் குடுத்தவருங்கக்கா."

பதினைந்து நாள் கழித்து, முகவரியைச் சுருக்க அனுமதி வந்தது. கோரியவர் ஒரு வாரத்துக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டுமாம். இறந்துவிட்டார் என்று எழுதினேன். அப்படியானால் வேறொருவர் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

நானே விண்ணப்பித்தேன். படிவத்தில் 'முந்தைய கோரிக்கையாளருக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. உடன் பணிபுரிந்தவர் என்று போட்டாலே போதும்.

'வேண்டியவர்' என்று எழுதினேன்.