இடம் மாறி நின்ற மலை

ஸ்பெயின்காரர்கள், அமெரிக்கர்கள், ஜப்பானியர்கள் என்று மூன்று படைகள் ஏறிப் பார்த்து, மூச்சு வாங்கி, இறங்கிப் போன ஊர் ஒன்று இந்தப் பூமியில் உண்டு. அந்த ஊரின் சரித்திரம், பூகோளம், சாக்கடை வசதி எல்லாம் இரண்டாயிரங்களின் நடுவில் ஷார்ஜா தொழில்பேட்டையில், ஏ.சி.க்கு நேர் கீழே, ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. அந்த நாற்காலியில் இருந்தவரை நாங்கள் மேயர் என்று கூப்பிட்டோம்.

மேயர் பிலிப்பைன்ஸ்காரர். எங்கள் நில அளவை அலுவலகத்தில் மூத்த டிராப்ட்ஸ்மேன். உலகத்திலேயே தட்டையான நிலத்தை அளந்து, அதைவிடத் தட்டையான படங்களாக வரைவது எங்கள் தொழில். அவருக்கு வருகைப் பதிவேட்டில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. மேயர் என்ற பெயரை வைத்தவர் கம்பெனி வேன் ஓட்டிய கீழக்கரைக்காரர். அவரை எல்லோரும் காக்கா என்போம். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சொந்த ஊரப் பத்தி ஒரு மனுஷன் இம்புட்டுப் பேசுனா, ஒண்ணு அவரு மேயரா இருக்கணும், இல்ல அந்த ஊர்ல பொண்ணு கேட்டு இல்லேன்னு சொல்லியிருக்கணும்" என்றார் காக்கா. இரண்டாவதை நேரில் கேட்க யாருக்கும் தைரியம் வராததால் முதலாவது நிலைத்தது.

ஊரின் பெயர் லம்பாயன். வடக்கு மலைநாட்டில், இரண்டு மலைமுதுகுகளுக்கு நடுவே, ஓர் ஆறு, ஒரு நகராட்சிக் கட்டடம், ஒரு பள்ளிக்கூடம். வெயில் மலையைச் சுற்றிக்கொண்டு தாமதமாகத்தான் வரும். மூடுபனி வகுப்பறைக்குள் நுழைந்தால் வாத்தியார் கரும்பலகையைத் தேடி நடக்க வேண்டும். படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காய் நெல் வயல்கள். விளையாட்டுத் திடல் இருக்கிறது. ஆனால் பந்து ஒரு பக்கம் தவறினால் அடுத்த கிராமத்துக்காரன் எடுத்துக் கொடுக்கும்போதுதான் ஆட்டம் தொடரும். இவ்வளவும் எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மனப்பாடம். நான் எதையும் பட்டியல் போட்டு வைக்கிற பிறவி. அவரோ பட்டியலுக்கென்றே பிறந்த ஊரைச் சேர்ந்தவர்.

அதைவிட ஆச்சரியம், இதையெல்லாம் அவர் தமிழில் சொன்னார். அதுவும் பரமக்குடித் தமிழ்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆரம்ப காலத்தில் துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் அவருடைய நாட்டுக்காரர்களோடுதான் ரூம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களெல்லாம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள். மலைக்காரர்களுக்கு வால் உண்டு என்பது அங்கே பழைய கிண்டலாம். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒருவன், "எங்கே, எழுந்து திரும்பு பார்க்கலாம்" என்று கேட்டிருக்கிறான். இவர் எழுந்தார், திரும்பினார், மெத்தையைச் சுருட்டினார், எதிரே இருந்த தமிழ் ரூமுக்குள் நடந்துவிட்டார். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் ராமநாதபுரத்துக்காரர்கள். மறுபடி பழைய ரூமுக்கு வரச் சொல்லிக் கேம்ப் மேற்பார்வையாளர் எவ்வளவோ கேட்டும் அவர் அசையவில்லை.

"வால் இருந்துச்சோ என்னமோ, அந்த ரூம்லயே விட்டுட்டு வந்துட்டேன் தாயி" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

சரித்திரத்தை அவர் சொல்லும் விதம் ரொம்பச் சுருக்கமாக இருக்கும். "ஸ்பெயின்காரய்ங்க பீரங்கியோட வந்தாய்ங்க. மூச்சு வாங்குச்சு. போயிட்டாய்ங்க. அமெரிக்காக்காரய்ங்க வந்தாய்ங்க. பள்ளிக்கூடம் கட்டுனாய்ங்க, பாட்டுச் சொல்லிக் குடுத்தாய்ங்க, மூச்சு வாங்குச்சு, போயிட்டாய்ங்க. ஜப்பான்காரய்ங்க வந்து வள்ளிக்கெழங்கு பூராத்தையும் தின்னாய்ங்க. மூச்சு வாங்குச்சு."

"போயிட்டாய்ங்க" என்று நாங்கள் கோரஸாக முடிப்போம்.

அமெரிக்கர்கள் விட்டுப்போனதில் ஒன்றை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அகல விளிம்பு வைத்த கௌபாய்த் தொப்பி. அவர்கள் மலையில் எல்லோரும் போடுவார்களாம். ஆகஸ்ட் மாதத்து ஷார்ஜாவில், அந்தத் தொப்பியோடு, பரமக்குடித் தமிழில் பரோட்டாவுக்குச் சால்னா கேட்கும் ஒருவரைப் பார்த்த ஹோட்டல்காரர் கல்லில் கிடந்த பரோட்டாவைக் கருக விட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவரால் பொறுக்க முடியாத சொல் ஒன்று உண்டு: 'பக்கம்'. சேர்ந்த அன்றே என்னைக் கேட்டார்.

"எந்த ஊரு தாயி?"

"மெட்ராஸ் பக்கம்."

"பக்கமா? பக்கம்ங்கிறது ஊரா? என்னையும் மணிலா பக்கமான்னுதான் கேக்குறாய்ங்க. மணிலாவுல இருந்து ஒரு ராத்திரி பஸ்ஸு, அப்புறம் ஜீப்பு, அப்புறம் காலு. அது பக்கமா?"

அப்பாவுக்கு அடிக்கடி மாற்றலாகும் வேலை என்றும், ஊருக்கு ஒரு பள்ளிக்கூடமாகப் படித்தேன் என்றும், எல்லாமே வாடகை வீடுகள் என்றும், எனவே சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை என்றும் வரிசையாக விளக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். எனக்கு ஏதோ தீராத வியாதி என்று கேள்விப்பட்டதைப் போல் பார்த்தார்.

"சரி தாயி. பாத்துக்கலாம்" என்றார், மனு வாங்கிக்கொண்ட மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். லம்பாயனுக்கு ஒழுங்கான வரைபடம் கிடையாது. அந்தப் பள்ளியில் தொங்கிய நாட்டுப் படத்தில் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தார்களாம். ஆகவே மேயர், தம்பி நடந்து நடந்து எடுத்து அனுப்பிய அளவுகளை வைத்து, மதிய இடைவேளைகளில் தன் மலையை வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு வளைகோடு. நூல் நூலாக ஆயிரக்கணக்கான கோடுகள். முடித்ததும் பள்ளிச் சுவருக்கு அனுப்புவதாகத் திட்டம்.

பெரிய தாளில் படம் அடிக்கும் பிளாட்டர் மெஷினுக்கு மை மாற்றினால், மெல்லிய கோடு சரியாக விழுகிறதா என்று சோதிப்பது வழக்கம். எங்கள் பாலைவனப் படங்களில் மெல்லிய கோடே இருக்காது. அதனால் மேயர் தன் மலையைத் தற்காலிகமாக ஏதாவது ஒரு படத்தின் மேல் ஓர் அடுக்காக வைத்து அடித்துப் பார்ப்பார். பிறகு அந்த அடுக்கை அணைத்துவிடுவார். கண்ணாடித் தாளை எடுத்துவிடுவது போலத்தான்.

ஒரு முறை அணைக்க மறந்துவிட்டார்.

பெரிய கிடங்கு ஒன்று கட்டவிருந்த வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பிய படத்தில், லாரிகள் நிறுத்தும் இடத்தின் நட்டநடுவே ஒரு மலை எழுந்து நின்றது. ஆறும் இருந்தது. பள்ளிக்கூடமும் இருந்தது.

அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. மேனேஜர் மூன்று மாடி ஏறி வந்தார். சென்னைக்காரர், கோபத்திலும் மரியாதை குறையாதவர்.

"மேயர், க்ளையன்ட் போன்ல என்ன கேக்கறாருன்னு தெரியுமா? 'போன மாசம் போய்ப் பாத்தப்போ சைட்ல மலை இல்லையே'ங்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

காக்கா என் காதருகே குனிந்து, "மேனேஜருக்கு மூச்சு வாங்குது" என்றார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிரித்தால் என் வேலையும் போகும்.

மேனேஜர் ஒரு மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார். 'எங்கள் ஊழியரின் தவறால், இல்லாத ஒரு மலை வரையப்பட்டுவிட்டது' என்று இருந்தது. கீழே மேயர் கையெழுத்துப் போட வேண்டும்.

மேயர் படித்தார். பேனாவை மூடினார்.

"தப்பு எம்மேலதான். மலை தப்பான எடத்துல நின்னுச்சு, ஒத்துக்கிறேன். இல்லாத மலைன்னு எழுத மாட்டேன்."

"ஒரு வார்த்தைக்காகவா?"

"ஸ்பெயின்காரன் சொல்லியே இல்லாமப் போகல சார். நீங்க சொல்லியா போகப் போகுது?"

"போடலேன்னா விசாவ கேன்சல் பண்ண வேண்டியிருக்கும். அந்தப் பைலையும் டெலீட் பண்ணச் சொல்லுவேன். கலாஸ், அதோட முடிஞ்சது."

"ஆபீஸ்ல பூட்டி வச்சிருக்குற எம் பாஸ்போர்ட்ட எடுத்துக் குடுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். சர்வரில் எதையும் அழிக்கும் அனுமதி என்னிடம்தான் இருந்தது. "நீங்க அழிச்சிடுங்கம்மா" என்றார்.

நான் குரலை உயர்த்தாமல் சொன்னேன். "முடியாது சார். முதலாவது, அது நல்ல படம். ரெண்டாவது, அது இல்லாம பிளாட்டரைச் சோதிக்க முடியாது. மூணாவது, கடிதத்துல இருக்கிற தகவல் பிழை. மலை இருக்கு. இல்லேன்னு எழுதினா இன்னொரு தப்பான படம் அனுப்பின மாதிரிதான்."

"தங்கச்சி சொல்றது சரி" என்றார் காக்கா. "இல்லாத மலைன்னு எழுதுன கடுதாசிய நானும் வண்டில ஏத்த மாட்டேன்."

மேனேஜர் எங்கள் மூவரையும் பார்த்தார். மூன்று மாடி இறங்கி மறுபடி ஏறும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நீங்களே எழுதுங்க" என்றார்.

நான் எழுதினேன். 'பிலிப்பைன்ஸ் நாட்டு லம்பாயன் நகராட்சியில் உள்ள மலை, எங்கள் ஊழியரின் தவறால் தங்கள் மனையில் வரையப்பட்டுவிட்டது. திருத்திய படம் இணைக்கப்பட்டுள்ளது. மேற்படி மலை அதன் சொந்த இடத்தில் நலமாக உள்ளது.'

கடைசி வரியைப் படித்ததும் மேயர் கையெழுத்துப் போட்டார். வாடிக்கையாளர் மறுநாள் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஊரில் குளிர் எப்படி இருக்கும்? மேயர் ரிசீவரை வாங்கி, ஆங்கிலத்தில், ஸ்பெயின்காரர்களிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் கிடங்கு அதன் பிறகும் கட்டி முடிக்கப்பட்டது என்பது மனித குலத்தின் பொறுமைக்கு ஒரு சான்று.

தசாப்தத்தின் முடிவில் வளைகுடாவில் கட்டடங்கள் பாதியில் நின்றபோது எங்கள் அலுவலகத்திலும் நாற்காலிகள் காலியாயின. வேலை நீக்கப் பட்டியலில் மேயர் பெயரும் வந்தது. இந்த முறை கையெழுத்துக்கு அவர் தயங்கவில்லை. மேனேஜர்தான் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

"நான் மட்டும் என்ன அப்பு" என்று மேயர் அவர் தோளைத் தட்டினார். "வந்தேன். மூச்சு வாங்குச்சு. போறேன்."

யாரும் கோரஸ் பாடவில்லை.

முடிந்த வரைபடத்தை ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டு விமானம் ஏறினார். சில மாதங்கள் கழித்து ஒரு புகைப்படம் அனுப்பினார். பள்ளிச் சுவர். ஆணி இருந்த இடத்தில் எங்கள் பிளாட்டர் அடித்த மலை. முன்னால் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் தொழில் பழக்கத்தில் படத்தைப் பெரிதாக்கி, கோடுகளைச் சரிபார்த்தேன். ஆற்றுக்கு மேலே, வயல் அடுக்குகள் முடியும் இடத்தில், நான் முன்பு பார்த்திராத ஒரு சின்னச் சதுரம் இருந்தது. பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'தாயி வீடு' என்று எழுதியிருந்தார்.

அங்கே வீடு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது இல்லாத வீடு என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், நானும் கையெழுத்துப் போட மாட்டேன்.