நழுவு தளம் பற்றி ஒரு புகார்

அருமை மகள் வாலுவுக்கு,

தளம் போடுகிற உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் தாய்மாமன், உன் பீரோ நால்வரும் நலம். மாமனால் மட்டும் உட்கார முடியவில்லை. காரணம் கீழே வருகிறது. அங்கே நீயும் உன் படிகங்களும் விரிசல் விடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன் நீ கடைசியாகப் போட்ட கடிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வேலை மேலும் இரண்டு வருஷம் நீளும், இப்போதைக்கு வர முடியாது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டு, நீ ஆராய்ச்சி செய்கிற அந்துருண்டையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாய். பரவாயில்லை, படிக்க வைத்தவன் நான்தானே, யாரை நொந்துகொள்வது? ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. "மூலக்கூறு தனியாக இருக்கும்போது அதற்கு மூன்று ஆடித்தளங்கள் உண்டு அப்பா, படிகத்துக்குள் வந்து அடுக்கிக்கொண்டதும் அவை போய்விடும், நழுவு தளம் வந்துவிடும்." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் தளம் போடுகிறவன், கண்ணாடி மாதிரி மினுங்குகிற தரை வேண்டவே வேண்டாம் என்று போகிற இடமெல்லாம் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறவன் நான். என் பெண் வேலை செய்கிற இடத்தில் முதலில் ஆடித்தளம் என்று கண்ணாடித் தரை போட்டார்களாம், அப்புறம் அதையும் பெயர்த்துவிட்டு வேண்டுமென்றே நழுவுகிற தளமாகப் போட்டார்களாம்! எந்த மடையன் அங்கே கொத்தனார்? மட்டம் பார்க்க ரசமட்டம் என்று ஒன்று இருப்பதாவது அவனுக்குத் தெரியுமா?

உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஐயோ, அவ நடக்கும்போதே பராக்குப் பாக்கிறவளாச்சே! எலும்பெல்லாம் முழுசா இருக்கான்னு முதல்ல கேளுங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தம் கேட்டு வந்த உன் மாமன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாங்கி, விரல் விட்டு எண்ணிக்கொண்டே மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு, "தரை கிடக்கட்டும் அக்கா. பதினாறு இடத்துல மூலக்கூறு, மூலக்கூறுன்னு எழுதியிருக்கா. புள்ளைக்கு மூலம். வெளிய சொல்ல வெக்கப்பட்டு சுத்தி வளைச்சு எழுதியிருக்கு" என்று குண்டைத் தூக்கிப் போட்டான். அதோடு விட்டானா? கடிதத்தோடு மருந்துக்கடைக்கே போய்விட்டான். கடைக்காரர், "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்க, இவன், "அஞ்சு வருஷமா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கு" என்று சொல்ல, அவர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இதற்குள் நான் சும்மா இருக்கவில்லை. நழுவுகிற தளத்தில் ஆள் எந்தப் பக்கமாக விழுவான் என்று தெரிந்தால் உனக்கு எச்சரிக்கையாக எழுதலாமே என்று முன்னறையில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரை ஊற்றி வைத்தேன். களிம்பும் கையுமாக மாமன் வந்தான். கிழக்கே பார்த்து உள்ளே வந்தவன் அரைச் சுற்றுச் சுற்றி, அப்படியே இரண்டு முழம் நழுவி, மேற்கே பார்த்து உட்கார்ந்தான். திருகு அச்சு என்று நீ எழுதியிருந்தாயே, அது இதுதானோ என்னவோ. வாங்கி வந்த களிம்பு வாங்கி வந்தவனுக்கே உதவியது. அன்றே உன் துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். "ஐயா, தங்கள் ஆய்வுக்கூடத்துத் தளத்தை உடனே கொத்திச் சொரசொரப்பாக்கவும். ஆள் கிடைக்காவிட்டால் உளியோடு நானே வருவேன்" என்று கொஞ்சம் கறாராகவே எழுதியிருக்கிறேன். அவர் உன்னிடம் கேட்டால் ஒன்றும் தெரியாதது போல் இருந்துவிடு.

வழுக்காத செருப்பு வாங்கி அனுப்பலாம் என்று அளவுக்காக உன் பழைய செருப்பைத் தேடி அம்மா உன் பீரோவைத் திறந்தாள். திறந்தவள், "நாலு அந்துருண்டை வச்சேன். ஒண்ணுகூட இல்ல" என்று என்னைப் பார்த்தாள். நான் மாமனைப் பார்த்தேன். "என்னை ஏன் பாக்குறீங்க? நான் என்ன அதையா திங்கப்போறேன்?" என்று அவன் குப்புறப் படுத்தபடியே கத்தினான். அப்போதுதான் உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அந்த மூலக்கூறுகள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்தாலும் ஒன்றையொன்று லேசாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் உருகாமலே ஒவ்வொன்றாகக் காற்றில் போய்விடும் என்று எழுதியிருந்தாயே, அது. "தண்ணியாக்கூட ஆகாமயா போகும்?" என்று அம்மா கேட்டாள். காலியான பீரோத் தட்டைத் தடவிக்கொண்டே, "இவளும் அப்படித்தானே போனா. வண்டியேறும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா?" என்று சொல்லிவிட்டு, உன் நீலச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். உருண்டைதான் இல்லை, வாசனை அப்படியே இருக்கிறது. புதிதாக நான்கு உருண்டை வாங்கி வைத்துவிட்டேன்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. அடித்துப் பிடித்துக்கொண்டு வரவும் வேண்டாம். இரண்டு வருஷம் என்ன பெரிய வருஷம், இருந்து முடித்துவிட்டே வா. அதுவரை சுவரோரமாகப் பிடித்து நட. கால் வைக்கிற இடமெல்லாம் உனக்குக் கெட்டித் தரையாக இருக்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசி கூறுகிறோம். மாமன் படுத்தவாறே ஆசி கூறுகிறான்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: துறைத்தலைவருக்கு நான் கடிதம் எதுவும் போடவில்லை. மாமன் மருந்துக்கடைக்கும் போகவில்லை, விழவும் இல்லை. இதோ எதிரே நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். உன் கடிதம் வந்த மறுநாளே, நான் குளியலறைத் தளம் போட்டுக்கொண்டிருந்த வீட்டு வேதியியல் டீச்சரிடம் அதைக் காட்டிக் கேட்டுவிட்டேன். "நழுவு தளம்னா தரையில்ல, ஒரு உருவத்தைக் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிக்கணும், அப்புறம் பாதித் தூரம் தள்ளி வைக்கணும். அவ்வளவுதான் மேஸ்திரி. நடந்து போறவங்க காலடி மாதிரி" என்று இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். எனக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் புரிந்தது என்று எழுதினால் நீ "சரிப்பா" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவாய். தப்புத் தப்பாக எழுதினால்தான் உனக்குக் கோபம் வந்து நான்கு பக்கம் எழுதுவாய். அந்த நான்கு பக்கத்துக்கு ஆசைப்பட்டுத்தான் இத்தனை புளுகும். உன் நீலச் சட்டையில் முகம் வைத்து அம்மா அழுததும், அந்துருண்டை காணாமல் போனதும் மட்டும் நிஜம்.

இன்னொன்று. நான்கு வயதில் நீ பின்வாசலில் ஈரச் சிமென்டின் மேல் நடந்துவிட்டாயே, அதைப் பூசிச் சரிசெய்யாமல் விட்டதற்கு என்னைக் கேலி செய்யாத கொத்தனார் இல்லை. நேற்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது, வலது, இடது, வலது, இடது. கண்ணாடியில் திருப்பி, பாதித் தூரம் தள்ளி, உன் நழுவு தளம் இத்தனை வருஷமாக என் வீட்டிலேயே கிடக்கிறது. ஐந்து காலடியும் வெளியே போகின்றன. உள்ளே வருகிற காலடி ஒன்றுகூட இல்லை. என்னால் தாங்க முடியவில்லை அம்மா. அதன் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பட்டை அளவுக்குத் தளத்தைப் பெயர்த்து வைத்திருக்கிறேன். இப்போது கால் பெரிதாகியிருக்கும் என்று அகலமாகவே பெயர்த்திருக்கிறேன். நீ என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது, அன்று காலையில் சிமென்ட் குழைத்துப் பூசிவிடுகிறேன். நான்கு பக்கமெல்லாம் வேண்டாம். ஒரு வரி போதும்.